'5 வருஷ வாரண்டி' செராமிக் கோட்டிங்... டெல்டா தூசியிலும் போர் தண்ணீரிலும் உண்மையில் எத்தனை நாள் தாங்கும்?

புது கார் டெலிவரி எடுக்கப் போனால், சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "சார், செராமிக் கோட்டிங் போட்டுடலாமா? அஞ்சு வருஷத்துக்குப் பெயின்ட்டைப் பத்தி கவலையே வேணாம்." தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என டெல்டா ஊர்களிலும் இப்போது கார் வாட்டர் வாஷ் கடைகளின் போர்டில் இந்தப் பெயரைப் பார்க்க முடிகிறது.

செலவு சின்னதல்ல. காரின் அளவு, கோட்டிங்கின் தரம், கடை ஆகியவற்றைப் பொறுத்து 15 ஆயிரம் ரூபாயில் தொடங்கி 50 ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. அவ்வளவு பணம் கொடுத்தால் 3 வருஷம், 5 வருஷம், சில இடங்களில் 9 வருஷம் என்று வாரண்டி கார்டு தருகிறார்கள். அந்த எண்ணை நம்பலாமா? நெல் தூசியும், உப்புத் தண்ணீரும், கொளுத்தும் வெயிலும் உள்ள டெல்டாவில் இந்தக் கோட்டிங் எவ்வளவு காலம் நிற்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

செராமிக் கோட்டிங் என்றால் என்ன?

பெயரில் செராமிக் இருப்பதால், காரின் மேல் பீங்கான் ஓடு மாதிரி ஏதோ ஒட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இது ஒரு சின்ன பாட்டிலில் வரும் திரவம். சிலிக்கா சார்ந்த வேதிப்பொருள்தான் இதில் முக்கியம். பெயின்ட் மீது தடவியதும், காற்றில் உள்ள ஈரத்துடன் சேர்ந்து இறுகி, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது.

எவ்வளவு மெல்லியது? பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காரின் பெயின்ட்டுக்கு மேல் தொழிற்சாலையில் அடிக்கப்படும் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான் இருக்கும். அதாவது நீங்கள் பணம் கொடுத்துப் போடும் பாதுகாப்புப் படலம், ஏற்கெனவே காரில் இருக்கும் கிளியர் கோட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராமல் போகலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2003-ம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் நானோ செராமிக் துகள்கள் கலந்த கிளியர் கோட்டை அறிமுகப்படுத்தியது. அது தொழிற்சாலையில் பெயின்ட்டின் ஒரு பகுதியாகவே அடிக்கப்படுவது. கடையில் கையால் தடவும் கோட்டிங் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் கவனமாக இருங்கள்.

'9எச் கடினம்' என்றால் கீறலே விழாதா?

விழும். 9எச் என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையில் கிடைக்கும் அளவு. மென்மையான பென்சிலில் இருந்து கடினமான பென்சில் வரை ஒவ்வொன்றாக வைத்து உரசிப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் 9எச் என்று போடுகிறார்கள். வைரத்துக்கு 10 மதிப்பெண் தரும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பென்சில் கீறாத பரப்பை மணல் கீறும். சாலைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு மோஸ் அளவில் 7. அந்தத் தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், செராமிக் போட்ட காரிலும் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் வரும். சாவியால் இழுத்த கோடு, பைக் ஹேண்டில் உரசல், லாரி டயரில் இருந்து தெறிக்கும் ஜல்லி ஆகியவற்றைச் செராமிக் தடுக்காது. கல்லடியைத் தாங்க வேண்டுமென்றால் பிபிஎஃப் எனப்படும் ஒளி ஊடுருவும் பிலிம்தான் வழி. அது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ளது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

அப்படியானால் எதற்குத்தான் பயன்?

முற்றிலும் வீண் என்றும் சொல்ல முடியாது. தண்ணீரும் சேறும் பெயின்ட்டில் எளிதாக ஒட்டாது. அதனால் வண்டி கழுவுவது சுலபம். பளபளப்பு நிலைக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர், பறவை எச்சம், பூச்சிக் கறை ஆகியவை கிளியர் கோட்டை அரிப்பதற்கு முன் கொஞ்சம் கால அவகாசம் தரும். கவனிக்கவும், அவகாசம் மட்டும்தான். கறையைத் துடைக்கும் வேலை உங்களுடையதுதான்.

உண்மையான ஆயுள் எவ்வளவு?

நடைமுறையில் கிடைக்கும் கணக்கு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

• சாதாரண வாக்ஸ்: சில வாரங்கள் முதல் 2, 3 மாதம் வரை

• 'செராமிக்' என்று பெயர் போட்ட ஸ்பிரே வகைகள்: சில மாதங்கள்

• வீட்டிலேயே போடும் பாட்டில் கோட்டிங்: ஓராண்டு, நன்றாகப் பராமரித்தால் 2 ஆண்டு

• பெயின்ட்டைச் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, கடையில் போடும் கோட்டிங்: 2 முதல் 3 ஆண்டு. நிழலில் நிறுத்தி, முறையாகக் கழுவினால் அதற்கு மேலும் வரலாம்

கார் முழுவதும் ஒரே நாளில் கோட்டிங் போய்விடுவதில்லை. வெயில் நேராக விழும் பானெட்டும் கூரையும் முதலில் தேயும். கதவுகளின் பக்கவாட்டில் அதற்குப் பிறகும் நிற்கும்.

இங்கேதான் வாரண்டி எண்ணையும் ஆயுளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 5 வருஷ வாரண்டி என்றால், கோட்டிங் 5 வருஷம் அப்படியே இருக்கும் என்று பொருளில்லை. நிபந்தனைகளைச் சரியாகப் பின்பற்றினால் அந்தக் காலத்துக்குள் வரும் குறையை, கார்டில் எழுதியுள்ளபடி சரிசெய்து தருவோம் என்றுதான் பொருள். பல கார்டுகளில், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பணம் கட்டி மெயின்டனன்ஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் வாரண்டி ரத்து.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரத்தநாட்டைச் சேர்ந்த ஒருவர் 25 ஆயிரம் ரூபாய் கொடுத்து கோட்டிங் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷம் நின்றால் வருடத்துக்கு 5,000 ரூபாய். 2 வருஷம்தான் நின்றால் வருடத்துக்கு 12,500 ரூபாய். இடையில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் மெயின்டனன்ஸ் என்றால், 15,500 ரூபாய். காரை எடுக்கும்போது மனதில் போட்ட கணக்கு மூன்று மடங்காகிவிடுகிறது.

டெல்டாவில் என்ன சிக்கல்?

நெல் தூசி: குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா, தாளடி அறுவடை ஜனவரியில் தொடங்கியும் நடக்கும். அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. களத்துக்கு இடமில்லாத விவசாயிகள் சாலையோரம்தான் நெல்லைக் காயவைக்கிறார்கள். அந்தச் சாலையில் ஒருமுறை போய்வந்தாலே காரில் உமியும் தூசும் படியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உமியை எரித்தால் சுமார் 20 சதவீதம் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. செராமிக் கோட்டிங்கின் அடிப்படையும் சிலிக்கா. அரிசி ஆலைப் பக்கம் நிறுத்திய காரில் படியும் சாம்பலைத் துணியால் தேய்ப்பது, மெல்லிய உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான்.

போர் தண்ணீர்: கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது உப்புத் தண்ணீராக இருந்தால், வெயிலில் ஒவ்வொரு முத்தும் காய்ந்து, கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளை வட்டமாக அங்கேயே படிந்துவிடும். அதாவது கோட்டிங் இருப்பதாலேயே வாட்டர் ஸ்பாட் எடுப்பாகத் தெரியலாம். காலையில் கழுவிவிட்டு, துடைக்காமல் வெயிலில் காயவிடுவதுதான் பல கோட்டிங்குகளைச் சீக்கிரம் கெடுக்கிறது.

பூச்சியும் மரமும்: நெற்பயிர் நிற்கும் மாதங்களில் இரவில் வண்டி ஓட்டினால், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் பம்பரிலும் பானெட்டிலும் அப்பிக்கொள்ளும். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சமும் பிசினும். இவை வெயிலில் காய்ந்தால் கோட்டிங்கைத் தாண்டி கிளியர் கோட் வரை அரிக்கும்.

கடற்கரைக் காற்று: நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்று. செராமிக் போட்டால் துரு பிடிக்காது என்று சொன்னால் நம்ப வேண்டாம். துரு பெரும்பாலும் வண்டியின் அடிப்பகுதி, கதவின் கீழ் விளிம்பு, பெயின்ட் பெயர்ந்த இடம் ஆகியவற்றில்தான் தொடங்கும். அங்கே செராமிக் தடவுவதில்லை. அதற்கு அடிப்பகுதி துரு தடுப்புக் கோட்டிங் தனி.

தண்ணீர் முத்து நிற்கவில்லை... கோட்டிங் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். பல நேரம் கோட்டிங் கீழே அப்படியே இருக்கும். அதன் மேல் தூசி, உப்பு, தார்த் துளி படிந்து அடைத்திருப்பதால் தண்ணீர் ஓடாமல் பரவி நிற்கும். நல்ல ஷாம்பு போட்டுக் கழுவி, உப்புக் கறையையும் இரும்புத் துகளையும் நீக்கும் திரவங்களைப் பயன்படுத்தினால் முத்துகள் திரும்ப வரலாம்.

அப்படிச் சுத்தம் செய்த பிறகும் பானெட்டில் தண்ணீர் தட்டையாகப் பரவி நின்று, கதவில் மட்டும் முத்தாக நின்றால், பானெட்டில் கோட்டிங் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். "மொத்தமா திரும்பப் போடணும்" என்று கடையில் சொன்னால், முதலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

ஆயுளைக் கூட்ட என்ன செய்யலாம்?

• தூசியோடு துடைக்கக் கூடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி தூசியை இறக்க வேண்டும்.

• இரண்டு வாளி முறை: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலச நல்ல தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பிஎச் நியூட்ரல் கார் ஷாம்பு போதும்.

• கழுவுவது நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு. உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பயன்படுத்தலாம்.

• பறவை எச்சம், பூச்சிக் கறை இருந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

• கோட்டிங் போட்ட முதல் நாள் மழை, பனி படக் கூடாது. சுமார் ஒரு வாரம் கழுவக் கூடாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், மூடிய ஷெட் இல்லாத கடையில் போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வாரண்டி தருவது கோட்டிங் தயாரித்த நிறுவனமா, கடையா? கடை மூடிவிட்டால் யார் பொறுப்பு? மெயின்டனன்ஸ் எத்தனை முறை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? குறை வந்தால் திரும்பப் போடும் கூலியும் சேர்த்தா, பொருள் மட்டுமா? போடுவதற்கு முன் பாலிஷ் செய்வார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். பழைய கீறல்களை எடுக்காமல் மேலே தடவினால், கீறல் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில், வாரண்டி கார்டு, போடும் முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, மெயின்டனன்ஸ் ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

சொன்னபடி நிற்கவில்லை என்றால்?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. முதலில் கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை திருச்சியிலோ சென்னையிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்ததில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, முக்கியமான தகவலை நிபந்தனைக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. விளம்பரம் எந்த மொழியிலோ, நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் '5 வருஷம் உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்துவிட்டு, நிபந்தனையை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தால், அந்த விளம்பரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

யார் போடலாம்? யார் வேண்டாம்?

வீட்டில் ஷெட் இருந்து, வாராவாரம் பொறுமையாகக் கழுவுபவருக்கு இது பயன் தரும். புது வண்டி, கறுப்பு போன்ற அடர்நிறம் என்றால் பளபளப்பின் பலன் நன்றாகவே தெரியும். வயல்வரப்பு ஓரம் வெயிலில் நிறுத்தி, தூசியோடு துணியால் தட்டிவிட்டுக் கிளம்புபவருக்கு, எத்தனை வருஷ கார்டு வாங்கினாலும் ஓராண்டைத் தாண்டுவது கஷ்டம். அவர்களுக்கு ஒரு நல்ல ஷாம்பு, இரண்டு மைக்ரோஃபைபர் துணி, 3 மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போதும்.

மொத்தத்தில், டெல்டாவில் செராமிக் கோட்டிங் போடுபவர்கள் 2 வருஷம் என்று கணக்குப் போட்டுப் பணம் கொடுப்பது பாதுகாப்பு. அதற்கு மேல் நின்றால் லாபம். அதைத் தீர்மானிப்பது கார்டில் அச்சடித்த எண் அல்ல, நீங்கள் கழுவும் தண்ணீரும் துடைக்கும் துணியும்தான்.