கிண்ணம் நிறையத் தினை... குஞ்சு மட்டும் பட்டினி!

கிளி ஏந்திய மீனாட்சியின் ஊர் மதுரை. பொற்றாமரைக் குளக்கரையிலுள்ள கிளிக்கூண்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகளே வளர்க்கப்பட்டன. இப்போது அங்கே கிளிகள் இல்லை. திருமங்கலம் பக்கத்துத் தோப்புகளில் மட்டும் அந்த ஆசை இன்னும் விடவில்லை. தை, மாசியில் பட்டுப்போன தென்னையை வெட்டும்போது பொந்தில் குஞ்சு கிடைத்தால், அது நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறது.

அப்படிக் கொண்டுவரக் கூடாது. நம் பச்சைக்கிளியும் அதைவிடப் பெரிய பெரிய பச்சைக்கிளியும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வளர்ப்பது, வாங்குவது, விற்பது மூன்றுமே குற்றம். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளைக் கைப்பற்றிய வனத்துறை, 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2024 ஏப்ரலில் கடலூரில் தேர்தல் பலன் சொன்ன கிளி ஜோசியரின் கிளிகளும் பறிபோயின.

மரத்தை வெட்டுவதற்கு முன் கிளிகள் பொந்துக்குள் போய் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். முட்டை பொரிய ஏறக்குறைய 3 வாரம், குஞ்சு பறக்க மேலும் 6 முதல் 7 வாரம். பட்ட மரம் அதுவரை நின்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. குஞ்சு கீழே விழுந்திருந்தால் பொந்திலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. மரமே சாய்ந்துவிட்டதென்றால், அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கதகதப்பாக வைத்து, வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

சட்டச் சிக்கல் இல்லாமல் வளர்க்க ஆஸ்திரேலியப் பூர்விகம் கொண்ட காக்டெய்லும், கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜரிகரும் இருக்கின்றன. மக்காவ், சாம்பல் கிளி போன்ற பெரிய வெளிநாட்டுக் கிளிகளை 2024-ம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

காக்டெய்ல் குஞ்சைக் கையால் ஊட்டி வளர்த்தால் மனிதரோடு நன்றாகப் பழகும். அதனால்தான் பலர் 3, 4 வாரக் குஞ்சையே வாங்குகிறார்கள். "ரெண்டு நாள் ஊட்டுங்க, அப்புறம் தானா கொத்தித் தின்னுரும்" என்று விற்பவரும் சொல்லி அனுப்புவார். பெரும்பாலான குஞ்சுகள் சாவது இந்தப் பேச்சை நம்பித்தான். காக்டெய்ல் முழுதாகத் தானே தின்னப் பழக 7 முதல் 10 வாரம் ஆகும். முதன்முறை வளர்ப்பவர்கள் தானே தின்னும் குஞ்சை வாங்குவதே நல்லது. விலை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை.

ஊட்டுவதென்றால் பறவைக் குஞ்சுகளுக்கென்று விற்கும் மாவையே வாங்க வேண்டும். பாலும் பால் கலந்த மாவும் பறவைக்குச் செரிக்காது. நீர்த்த கஞ்சிப் பதத்தில் கரைத்து, 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொடுக்க வேண்டும். சூடு கூடினால் இரைப்பை வெந்து புண்ணாகும். ஆறிப்போனால் இரை இறங்காமல் புளிக்கும். விரலை வைத்துப் பார்த்தால் போதாது, ஒரு வெப்பமானி வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம் குஞ்சுக்கு 6 மில்லி. கழுத்தடிப் பை நாளுக்கு ஒரு முறையாவது முழுதாக வற்ற வேண்டும். வற்றாமல் கல்லுப்போல் நின்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மிஞ்சிய மாவை அடுத்த வேளைக்கு வைப்பது, அதுவும் நம் சித்திரை வெயிலில், விஷம் வைப்பதற்குச் சமம்.

நான்கைந்து வாரத்தில் குஞ்சு எதையாவது கொத்தத் தொடங்கும். அப்போது தினைக் கதிர், லேசாக வேகவைத்த முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக் கீரை, துருவிய கேரட் ஆகியவற்றைத் தரையில் தட்டில் வைக்க வேண்டும். கூடவே ஒரு துண்டு கடல் நுரை. பருத்தி, மக்காச்சோளத்துக்கு மருந்தடித்த காட்டுக் கீரை கூடவே கூடாது. அவகேடோ, சாக்லேட் இரண்டும் கிளிக்கு நஞ்சு.

பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். குஞ்சு தினையைக் கொறித்து உமியைச் சிதறும். உள்ளே ஒன்றும் போயிருக்காது. உமியைப் பார்த்து "சாப்பிடுது" என்று ஊட்டலை நிறுத்திவிடுகிறார்கள். எச்சம் குறைந்து கரும்பச்சையாகப் போனால் அது பட்டினியின் அடையாளம். அடையும் நேரத்தில் கழுத்தடிப் பையைத் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் காலையில், ஊட்டுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். பறக்கப் பழகும்போது கொஞ்சம் இளைப்பது இயல்பு. அதிகபட்ச எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், நிறுத்திய வேளையை மறுபடி ஊட்ட வேண்டும். முதலில் மதிய வேளையை நிறுத்தலாம், பிறகு காலை வேளையை. இரவு ஊட்டலைக் கடைசியில்தான் விட வேண்டும். பசி வந்தால் தானே தின்னும் என்று காயப்போடுவது கிளியிடம் செல்லாது. பசித்த குஞ்சு கத்துமே தவிர, புது இரையைப் பழகாது.