மலைக்கு அந்தப் பக்கம் பனி, இந்தப் பக்கம் வெயில்

டிசம்பர் பிறந்துவிட்டால் காலை நிகழ்ச்சியில் என் வேலை கொஞ்சம் மாறிவிடும். பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் ஊர்ப் பெயர்களாக வாசித்துக்கொண்டிருப்பேன். கோலக்கிராய், பாசீர் மாஸ், டுங்குன், கெமாமான், குவாந்தான். எந்தச் சாலையில் தண்ணீர், எங்கே லோரி மட்டும் போகலாம், எங்கே எதுவுமே போக முடியாது என்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். நேயர்கள் பலருக்கு அது பழகிப்போன சத்தம். கிழக்குக் கரையில் சொந்தபந்தம் இல்லாதவர்கள் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதே வாரத்தில் உலகச் செய்தியில் ஜப்பான் வரும். பனிப்புயல், நின்றுபோன ரயில், நெடுஞ்சாலையில் சிக்கிய கார்கள். நமக்கு அது வேறு உலகம். குளிர்காலப் புயல் என்றாலே வெள்ளை வெளேர் என்று படம் காட்டும் நாட்டுக்காரர்களின் கவலை என்று நினைக்கிறோம். ஆனால் ஜப்பானில் பனியைக் கொட்டுவதும் கிளந்தானில் மழையைக் கொட்டுவதும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிற குளிர்காற்றுதான்.

அந்த இடம் சைபீரியா. குளிர்காலத்தில் அந்தப் பெருநிலம் உறைந்து, அதன்மேல் கனத்த குளிர்காற்று குவிந்து கிடக்கும். நிரம்பிய தொட்டி வழிவதுபோல அவ்வப்போது அது வழியும். கிழக்கே வழிவது ஜப்பான் கடலைத் தாண்டும்போது, ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான அந்தக் கடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய் ஜப்பானின் நடுமலைகளில் மோதிப் பனியாக விழுகிறது. தெற்கே வழிவது சில நாள்களில் தென்சீனக் கடலுக்கு வந்துவிடும். வழியெல்லாம் கடல் சூடு. குளிர்காற்று அங்கே குளிரை இழந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு நம் கிழக்குக் கரையில் இறக்கி வைக்கிறது. இதைத்தான் வடகிழக்குப் பருவக்காற்றின் எழுச்சி என்று வானிலைத் துறையினர் சொல்கிறார்கள்.

இந்தக் காற்று எவ்வளவு தூரம் துணியும் என்பதற்கு 2001 டிசம்பர் 27-ஐச் சொல்லலாம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்று பாடப்புத்தகம் சொல்லும். அன்று வாமே என்ற சூறாவளி ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வடக்கே உருவாகி, ஜோகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. தெற்கே பாய்ந்த குளிர்காற்றும் போர்னியோ பக்கம் சுழன்றுகொண்டிருந்த காற்றும் சேர்ந்து செய்த வேலை அது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் டோக்கியோவிலிருந்து நீகாத்தா மாநிலத்துக்கு ரயில் ஏறினேன். டோக்கியோவில் நல்ல வெயில். குளிர் கடித்தாலும் வானம் நீலம். ஷின்கான்சென் ரயில் மலையடிவாரத்தில் 22 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஆறேழு நிமிடம் இருட்டு. வெளியே வந்தபோது எதிர்ப்பக்கத் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக் கூரைகள்மேல் ஆளுயரப் பனி. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது நம் சுபாங் ஜெயா ட்ராஃபிக் மாதிரி இருக்கும் போலிருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் பனி, இந்தப் பக்கம் வெயில். காற்று தன் ஈரத்தை எல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வறண்டு டோக்கியோவுக்கு வருகிறது. மேற்கே இருக்கும் தக்காடா என்ற ஊரில் 1945 பிப்ரவரியில் பனி 377 சென்டிமீட்டர் உயரம் கிடந்தது. ஒரு மாடி வீடு முழுகிவிடும்.

அங்கே வாழ்கிறவர்கள் அதற்கேற்ப ஊரையே கட்டியிருக்கிறார்கள். நாகாஓகா நகரத்தில் சாலையின் நடுவே சின்னச் சின்னத் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் உறையாமல் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருப்பதால் விழுகிற பனியைக் கரைத்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் அந்த ஊரிலேயே ஆரம்பித்த ஏற்பாடு அது. அந்த நீரில் இருக்கும் இரும்பு படிந்து சாலையே துருப்பிடித்த நிறத்தில் இருக்கிறது. என் காலணி முழுக்க நனைந்ததுதான் மிச்சம், ஆனால் கார்கள் ஓடின. பனி தேசத்துப் போக்குவரத்து விளக்குகளைப் பார்த்தால் படுக்கைவாட்டில் இருக்காது, மேலிருந்து கீழாக நிற்கும். அப்போதுதான் அவற்றின்மேல் பனி குறைவாகத் தங்கும். அந்தப் பாதையில் ஓடும் ஷின்கான்சென் தண்டவாளத்துக்குச் சூடாக்கிய தண்ணீரைத் தெளிக்கிறார்கள். 1982-ல் திறந்தபோதே அப்படித்தான் கட்டினார்கள்.

1964-ல் திறந்த டோக்கியோ–ஒசாகா பாதைக்கு அந்த வசதி இல்லை. அது கருங்கல் ஜல்லிமேல் போட்ட தண்டவாளம். வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அடித்தளம் இளகிவிடும். அதனால் செக்கிகஹாரா என்ற பனிப்பகுதியில் பனியைக் கொஞ்சம் நனைத்துவிட மட்டும் செய்து ரயிலை மெதுவாக விடுகிறார்கள். வேகமாகப் போனால் வண்டிக்கு அடியில் ஒட்டிய பனிக்கட்டி விழுந்து ஜல்லிக்கல்லைத் தெறிக்கவிடும். அந்த ஓரிடத்துப் பனிக்காக வெயிலடிக்கும் டோக்கியோ நிலையத்தில் பயணிகள் காத்துக் கிடப்பார்கள்.

இனி டோக்கியோவுக்கு வருவோம். 2018 ஜனவரி 22 அன்று அங்கே 23 சென்டிமீட்டர் பனி விழுந்தது. சப்போரோ நகரத்தில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே ஒரு குளிர்காலத்தில் 5 மீட்டருக்கு நெருக்கமாகப் பனி கொட்டுகிறது, மறுநாள் காலையில் பேருந்து ஓடுகிறது. டோக்கியோ 23 சென்டிமீட்டரில் திணறியது. காரில் குளிர்கால டயர் இல்லை. காலில் வழுக்காத காலணி இல்லை. நகர விரைவுச்சாலையின் சுரங்கப்பாதையில் வாகனங்கள் பல மணி நேரம் நின்றன. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பனி வருகிறதே என்று நல்லெண்ணத்தோடு நிறுவனங்கள் ஊழியர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பின. எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் அனுப்பியதால் ஷிபுயா போன்ற நிலையங்களில் மாலைக்கு முன்பே கூட்டம் பிதுங்கி, உள்ளே விடாமல் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு ஷா ஆலாம்தான் ஞாபகம் வந்தது. ஜப்பானுக்கு நடுமலை என்றால் நமக்குத் தித்திவாங்சா மலைத்தொடர். கிழக்கே வரும் மழையை அது தடுத்து நிறுத்துகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற நாம் மலைக்கு இந்தப் பக்கத்து ஆள்கள். டிசம்பர் வெள்ளம் என்றால் அது கிளந்தான்காரர்களின் சமாச்சாரம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2021 டிசம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து வந்தது. 18-ஆம் தேதி சனிக்கிழமை. தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையைத் தொட்டது. காராக் நெடுஞ்சாலையில் மண் சரிந்தது. ஷா ஆலாமைச் சுற்றியுள்ள சாலைகளில் காருக்குள்ளேயே இரவைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பருவ வெள்ளத்தில் நாட்டில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்குச் சொன்னது.

பழகிய இடத்துக்குச் சேதம் வராது என்று சொல்லவில்லை. 2014 டிசம்பரில் கிளந்தானைத் தாக்கிய வெள்ளத்தை அங்கே இன்றும் 'பா கூனிங்', மஞ்சள் வெள்ளம் என்கிறார்கள். கிழக்குக் கரை மாநிலங்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு விட்டு வெளியேறினார்கள். கெமூபுவில் நெங்கிரி ஆற்றின்மேல் இருந்த ரயில் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் காட்டு ரயிலை நம்பித்தான் உள்கம்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கும், பெரியவர்கள் சந்தைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஓராண்டுக்கும் மேல் அந்தப் பாதை துண்டாகவே கிடந்தது. மழை பத்து நாளில் நின்றுவிட்டது, பயணம் நின்றது நிற்கத்தான்.

சிங்கப்பூரிலும் 2025 ஜனவரி 10, 11 இரண்டு நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் பெய்தது. ஜனவரி மாதம் முழுவதற்கும் அங்கே சராசரி 222-தான். பலர் குளிருக்குச் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போட்டதோடு அது முடிந்தது. கால்வாய்க்கும் வடிகாலுக்கும் அந்த ஊர் கொட்டியிருக்கும் பணம் கொஞ்சமா?

சரி, கட்டமைப்பு ஒரு பக்கம். என் மைக்கின் முன்னால் எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. ஒரு டிசம்பர் காலையில் குவாந்தான் பக்கம் போகும் லோரி ஓட்டுநர் ஒருவர் ஒலிபரப்புக்கு வெளியே அழைத்தார். "தங்கச்சி, ரோடு திறந்திருக்கா மூடியிருக்கா, அத மட்டும் சொல்லு," என்றார். கவனமாகப் போங்கள் அண்ணே என்றேன். "கவனம்லாம் அப்புறம். தொறந்திருந்தா நான் போய்த்தான் ஆகணும். மூடியிருந்தா பாஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார்.

இந்த ஒரு விஷயத்தில் ஜப்பான் பட்டுத்தான் தெளிந்தது. 2018 பிப்ரவரியில் ஃபுக்குயி மாநிலத்துத் தேசியச் சாலையில் சுமார் 1,500 வாகனங்கள் பனியில் சிக்கின. 2020 டிசம்பர் 16 மாலை, நான் ரயிலில் போன அதே மலைப்பகுதியில், கான்-எட்சு விரைவுச்சாலையில் ஒரு பெரிய லோரி பனியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவை நின்றன. நின்றவற்றின் மேல் பனி ஏறியது. சுமார் 2,100 வாகனங்கள். கடைசி வண்டி வெளியே வர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. ராணுவம் நடந்துபோய் உணவும் எரிபொருளும் கொடுத்தது. இப்படிச் சிக்கும்போது பெரிய ஆபத்து குளிர் மட்டுமில்லை. புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால், ஹீட்டருக்காக ஓடும் எஞ்சினின் நச்சுப்புகை காருக்குள்ளேயே வந்துவிடும். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது.

அதுவரை அங்கே இருந்த கொள்கை, இயன்றவரை சாலையை மூடாதே என்பது. பொருள் போக வேண்டும், மக்கள் வேலைக்குப் போக வேண்டும். 2021-ல் அதைத் திருப்பிப் போட்டார்கள். உயிர்தான் முதல். வாகனங்கள் சிக்கும் என்று தெரிந்தால் சிக்குவதற்கு முன்பே மூடு, விரைவுச்சாலையையும் பக்கத்துத் தேசியச் சாலையையும் சேர்த்தே மூடு. ரயிலுக்கு இந்தப் பழக்கம் முன்னரே வந்துவிட்டது. 2014-ல் ஒசாகா வட்டாரத்தில் ஒரு சூறாவளிக்காக முதல் நாளே அறிவித்து ரயில்களை நிறுத்தினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவி, பனிக்கும் வந்துவிட்டது. முதல் நாள் மாலை அறிவிப்பு வந்துவிட்டால் எந்த முதலாளியும் 'எப்படியாவது வா' என்று சொல்ல முடியாது. எப்படி வருவது?

இதற்கும் விலை உண்டு. சாலையை மூடினால் கடைகளில் ரொட்டி தீர்ந்துபோகும். மூடிய பிறகு பனி வராமலும் போகும். பேஸ்பாலில் மட்டையைச் சுழற்றிப் பந்தைத் தவறவிடுவதற்கு அங்கே ஒரு வார்த்தை இருக்கிறது, 'கராபுரி'. பொய்த்துப்போன எச்சரிக்கைக்கும் அதே வார்த்தைதான். அப்படித் தவறினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் எச்சரிக்கை பொய்த்தால் அன்று மாலையே கேலிப்படம் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தக் கேலிக்குப் பயந்து யாராவது அடுத்த எச்சரிக்கையைத் தாமதித்தால் யாரைக் குற்றம் சொல்வது?

நம்மிடமும் எச்சரிக்கை இருக்கிறது. தொடர்மழைக்கு மஞ்சள் என்றால் வஸ்பாடா, ஆரஞ்சு என்றால் பூரோக், சிவப்பு என்றால் பஹாயா. ஆற்று நீர்மட்டத்தை வடிகால் துறையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். தகவல் போதுமான அளவு இருக்கிறது. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொல்லும் ஆள்தான் இல்லை. அரசு ஊழியருக்குப் பேரிடர் நேரத்தில் கணக்கில் சேராத விடுப்பு உண்டு. தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்கிறவருக்கு அது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. அதனால்தான் இடுப்பளவுத் தண்ணீரில் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். முப்பது சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் போதும், சின்னக் காரின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப. மைவி வைத்திருப்பவர்கள் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா 2021-க்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். டிசம்பர், ஜனவரியில் இரவு ஒன்பது மணிக்கு எச்சரிக்கையைப் பார்ப்பார். ஆரஞ்சு என்றால் கடையின் ஆறு பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும்: காலையில் யாரும் கிளம்ப வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டேன். சில நாள்களில் மறுநாள் வெயில் கொளுத்தும். அன்று சித்தியிடம் திட்டு வாங்குவார். வருடத்துக்கு மூன்று நாள் வியாபாரம் போகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அந்த மூன்று நாளையும் அரிசி விலையில் ஏற்றிவிடுகிறாரா என்று கேட்டேன். சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.