சீல் உடைக்காத தாஜ்மஹால்

2008-இல் லெகோ நிறுவனம் ஒரு தாஜ்மஹாலை விற்பனைக்கு விட்டது. மொத்தம் 5,922 துண்டுகள். அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 300 டாலர். சில ஆண்டுகளில் அது கடைகளிலிருந்து காணாமல் போனது. உடனே விலை ஏறத் தொடங்கியது. சீல் உடைக்காத பெட்டிகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. பிறகு 2017-இல் நிறுவனமே அதே தாஜ்மஹாலை மறுபடி வெளியிட்டது. 5,923 துண்டுகள், 370 டாலர். கூடுதலாக வந்தது ஒரே ஒரு துண்டு. பழைய பெட்டியை நம்பிப் பணம் போட்டவர்களின் கணக்கு அன்றோடு தப்பியது.

லெகோவின் சொந்த ஊர் டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் உள்ள பில்லுண்ட். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கிரின்ஸ்டெட். நகராட்சிக்குப் பெயர் பில்லுண்ட் என்றாலும் அதன் அலுவலகம் இருப்பது கிரின்ஸ்டெட்டில். மக்கள்தொகையிலும் அதுவே பெரிய ஊர். ஆனால் விமான நிலையம், 1968-இல் திறந்த லெகோலாந்து பூங்கா, புகழ் எல்லாம் பில்லுண்டுக்கு. 1980-களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் இந்த யூலாந்தின் சிற்றூர்களில்தான் குடியேறினார்கள். பக்கத்து ப்ரான்டேயிலும் ஹேர்னிங்கிலும் கோயில்கள் எழுந்தன. இந்த வட்டாரத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் லெகோ கட்டையைக் காலில் மிதித்த வலி தெரியும்.

அந்தக் கட்டைக்கு இன்று மதிப்பெண் போடுகிறார்கள். பெட்டியையோ பொம்மையையோ அனுப்பிக் கட்டணம் கட்டினால், கிரேடிங் நிறுவனம் பரிசோதித்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக் உறைக்குள் அடைத்து, மேலே ஓர் எண்ணை ஒட்டித் திருப்பி அனுப்பும். இந்தப் பழக்கம் பிரபலமானது அமெரிக்காவின் பேஸ்பால் அட்டைகளில். பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் 1991 முதல் அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வருகிறது. படம் நடுவில் இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு நைந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்ப்பார்கள். அட்டைக்கு அது பொருந்தும். நேரில் பார்க்காமல் தொலைவிலிருந்து வாங்குகிறவருக்கு மூன்றாம் ஆள் சொல்லும் சாட்சி தேவைதான். 1952-ஆம் ஆண்டின் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 9.5 மதிப்பெண்ணோடு 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் சாட்சியும் சறுக்கும். பி.எஸ்.ஏ. முதன்முதலாக மதிப்பெண் போட்ட அட்டை, நூறாண்டுக்கு முந்தைய ஹோனஸ் வாக்னர் அட்டை. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் கூட்டாக வாங்கியது. அதற்கு 8 மதிப்பெண் கிடைத்தது. அதைக் கைமாற்றிய வியாபாரி பில் மாஸ்ட்ரோ, விளிம்பைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே கொடுக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் விதி.

லெகோவில் சிக்கல் வேறு மாதிரி. அட்டையில் பார்ப்பதற்கு மேல் வேலை எதுவும் இல்லை. லெகோ பெட்டியின் சாரமோ உள்ளே கிடக்கிறது. கிரேடிங் செய்கிறவர் காண்பது அட்டைப்பெட்டியின் மடிப்பையும் முத்திரையையும்தான். ஓரத்தைப் பக்குவமாகப் பிரித்து, விலை உயர்ந்த குட்டி மனிதப் பொம்மைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். எடை பார்த்துக்கூடச் சிலவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. குட்டிப் பொம்மையின் எடை சில கிராம்தான்.

கிரேடிங்கே இல்லாத பழைய கட்டைகள் தங்கள் வயதைத் தாங்களே சொல்லிவிடும். லெகோவை நிறுவிய தச்சர் ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-இல் பில்லுண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். பிளாஸ்டிக் கட்டைகள் வந்தது 1949-இல். பக்கவாட்டில் சிறு பிளவு உள்ளவை அந்தக் காலத்தவை. 1958 ஜனவரி 28-இல்தான் அடிப்புறம் குழல் வைத்த வடிவத்துக்குக் காப்புரிமை கேட்கப்பட்டது. ஆகவே அடியில் வெற்றிடமாக இருக்கும் கட்டை பெரும்பாலும் அதற்கும் முந்தையது. 1963 வரை பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக் காலப்போக்கில் வளைந்து நெளியும்; பின்னால் வந்த ஏ.பி.எஸ். வளையாது. 1960-இல் மரப் பொம்மைக் கிடங்கு எரிந்ததோடு மரவேலையை நிறுவனம் கைவிட்டது. அதனால் லெகோவின் பழைய மர வாத்துப் பொம்மைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மரியாதை. பிள்ளைகள் இழுத்து விளையாடிய கீறல் இல்லாத வாத்து கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

டென்மார்க்கின் பழம்பொருள் சந்தைகளில் லெகோ கிலோ கணக்கில் விற்பதுண்டு. பிளாஸ்டிக் பையைக் கிளறி அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்பெண் ஸ்டிக்கர் எதற்கு?

விலை அறிய பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை இருக்கிறது. 2000-இல் டேனியல் யெஸெக் என்ற ரசிகர் தொடங்கியது. 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. விற்பவர் கேட்கும் விலை மட்டுமல்ல, கடந்த ஆறு மாதங்களில் உண்மையில் விற்ற விலையும் அங்கே தெரியும். புதியதற்கும் பயன்படுத்தியதற்கும் தனித்தனியாக. மாஸ்கோவின் உயர்நிலைப் பொருளாதாரக் கல்வி நிலைய ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை வந்த 2,322 செட்களின் விலையை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரி 11 சதவீத லாபம் என்று 2021-இல் அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் அந்தச் சராசரியைப் பிடித்துக்கொண்டன. சில செட்கள் பாதி மதிப்பை இழந்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

கிரேடிங் அர்த்தமுள்ளதாகும் இடமும் உண்டு. ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2003-இல் வந்த கிளவுட் சிட்டி செட்டில் உள்ள போபா ஃபெட் பொம்மையின் கை கால்களிலும் அச்சு உண்டு. போலி அச்சுகள் உலவுவதால், தெரிந்தவர் கண்பட்ட சான்று உதவும். 2013-இல் 5,000 மட்டுமே செய்து, சாதாரணப் பைகளுக்குள் ஒளித்து விற்ற தங்க மனிதன் பொம்மையும் இந்த வகைதான். எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்த, மறுபடி வெளிவர வாய்ப்பு குறைந்த, உள்ளங்கையில் அடங்கும் பொருள் இது. தாஜ்மஹாலுக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. பெட்டியின் முனை எவ்வளவு கூர்மை என்பதை உறைமேல் ஒட்டிய எண் சொல்லும். நிறுவனம் நாளை என்ன வெளியிடும் என்பதை அது சொல்லாது.

காட்சிக்கு வைப்பவருக்கு முதல் எதிரி வெயில். வெள்ளை, சாம்பல், நீலக் கட்டைகள் சன்னலோரத்தில் சில ஆண்டுகளில் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்க வைப்பவர்கள் உண்டு. பொறுமை வேண்டும், அச்சிட்ட துண்டுகளை அதில் போடாமல் இருப்பது நல்லது. கண்ணாடி அலமாரியை வெயில் விழாத சுவரில் வைப்பது எல்லாவற்றிலும் மலிவான வழி. பரணில் வைத்த அட்டைப்பெட்டியை ஈரம் தின்னும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்கவே வேண்டாம்.

ஆக, முதல்முறை வாங்குகிறவர் பிரித்துக் கட்டிய, துண்டு குறையாத, வழிகாட்டிப் புத்தகம் உள்ள பழைய செட்டைத் தேடுவதே நல்லது. சீல் பெட்டியைவிட அது பெரும்பாலும் மலிவு. எண்ணிச் சரிபார்க்கவும் முடியும். வாங்கும் முன் பிரிக்லிங்கில் விற்ற விலையைப் பாருங்கள். கிரேடிங்குக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி வாங்கிக்கொள்ளலாம்.