காது குத்தும் வயது



குழந்தைக்கு எந்த வயதிற் காது குத்தலாம்? பாட்டிக்கும் தாய்க்கும் கருத்து வேறுபடும் வினா இது.

சுசுருத சங்கிதை ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தைக் குறிக்கின்றது. குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள் காட்டித் தேற்றிக் குத்துமாறு கூறுகின்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, புண்ணைத் தானே பேணும் முதிர்ச்சி வரும்வரை காத்திருத்தல் நன்று என்கின்றது. இவற்றுள் எதனைக் கொள்வது?

முதலாவது, ஏற்புவலித் தடுப்பூசி. நம் நாட்டில் அது 2, 4, 6 ஆம் மாதங்களில் ஏற்றப்படுகின்றது. அம்மூன்றும் நிறைவேறுமுன் காது குத்தல் ஆகாது. இரண்டாவது, துளை ஆற ஏறக்குறைய 6 வாரங்கள் செல்லும். அதுவரை கழுவாத கை காதிற் படலாகாது. இதனைக் கைக்குழந்தை அறியாது; கழன்ற தோட்டை அது விழுங்கிவிடவுங் கூடும். மூன்றாவது, தழும்பு தடித்து வளரும் இயல்பு குடும்பத்தில் உண்டாயின், மருத்துவரைக் கேளாது குத்தலாகாது. 11 வயதிலும் அதன் பின்னரும் குத்தியோரிடத்து அத்தழும்பு மிகுதியெனக் கண்டது, 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு.

ஆகவே, ஆறு ஏழு வயதே பொருத்தமானதென்பது என் துணிபு. அவ்வயதிற் பிள்ளை, கையைக் கழுவு என்றால் விளங்கிக்கொள்ளும், நோவைச் சொல்லும், வேண்டாமென்றுஞ் சொல்லும். அச்சொல்லுக்கு முதலில் நாம் செவிசாய்த்தல் வேண்டும். அதன்பின் நாள் பார்ப்போர் பார்க்கட்டும். ஊசியின் தூய்மையையும் பார்க்கட்டும்.