தடம் தவறிய துணைக்கோள்

விரல் ஒன்றை முகத்திற்கு நேரே நீட்டி, முதலில் வலக்கண்ணையும் பின்னர் இடக்கண்ணையும் மூடி நோக்கினால், விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். விரல் அண்மையில் இருப்பின் பெயர்ச்சி மிகும். தொலைவிற் செல்லச் செல்லக் குறையும். விண்மீன்களின் தொலைவை அளக்கும் முறையும் இதுவே. ஞாயிற்றைச் சுற்றி வரும் நிலவுலகம் ஆறு திங்கள் இடையிட்டு நிற்கும் ஈரிடங்களே அங்கே இரு கண்களாம். ஆயினும் அப்பெயர்ச்சி மிக நுண்ணியது. அசையும் காற்று மண்டலத்தினூடே அதனை அளத்தல் அரிது.

ஆகவே, காற்றைக் கடந்து நின்று அளக்கும் துணைக்கோள் ஒன்றை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் அமைத்தனர். பண்டைக் கிரேக்க வானநூல் அறிஞர் ஹிப்பார்க்கசை நினைவூட்டும் வகையில் அதற்கு ஹிப்பார்கோஸ் என்று பெயரிட்டனர். 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், தென்னமெரிக்காவிலுள்ள கூரூ என்னும் இடத்திலிருந்து அது விண்ணேறியது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஜெர்மனியிலுள்ள ஒரே நிலையத்தின் பார்வையில் எந்நேரமும் நிற்குமாறு அதனை நிறுத்தக் கருதியிருந்தனர். ஆனால், அவ்வட்டப் பாதையில் அதனைச் சேர்க்க வேண்டிய பொறி எரியவில்லை. மீண்டும் மீண்டும் ஆணை அனுப்பியும் பயன் விளையவில்லை. துணைக்கோள் நீள்வட்டப் பாதையொன்றிற் சிக்கிக்கொண்டது.

சில திங்களே அது உழைக்கும் என அஞ்சினர் அறிஞர்; எனினும் கைவிட்டாரல்லர். சிறு உந்துபொறிகளை இயக்கிப் பாதையின் தாழ்முனையை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்திற்கு ஏற்றினர். ஒரு நிலையம் போதாமையின், ஆஸ்திரேலியாவில் பெர்த், அமெரிக்காவில் கோல்டுஸ்டோன் ஆகிய நிலையங்களின் துணையையும் நாடினர். ஒவ்வொரு சுற்றிலும் துணைக்கோள் கொடிய கதிர்வீச்சு வளையங்களை ஊடுருவிச் சென்றது. ஞாயிற்றொளியால் மின்னாக்கும் பலகைகள் நலிந்தன. நிலையுணர்த்தும் சுழற்கருவிகள் பழுதுற்றன. எஞ்சியவற்றைக் கொண்டே பணியை நடத்தக் கணக்கு முறைகளைப் புதியனவாக வகுத்தனர். இரண்டரை ஆண்டுக்கெனத் திட்டமிட்ட அளவை 1993 மார்ச்சு வரை நீண்டது.

1997இல் வெளிவந்த பட்டியலில் 118,218 விண்மீன்கள் இடம்பெற்றன. பிழையோ ஏறத்தாழ விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கே; அஃதாவது, சந்திரனில் நிற்கும் ஓர் ஆள் நமக்குத் தோன்றும் அளவு. திட்டமிட்டதினும் இது நுட்பமானது!

உரோகிணி என்னும் செம்மீனை வானிற் கண்டிருப்பீர்கள். அதனைச் சூழ்ந்த சிறுமீன் கூட்டம் அதன் சுற்றமே போலக் காட்சியளிக்கும். ஹிப்பார்கோஸ் அளந்தவாறு, உரோகிணியின் தொலைவு ஏறத்தாழ 65 ஒளியாண்டு; அக்கூட்டத்தின் தொலைவோ ஏறத்தாழ 150 ஒளியாண்டு.