மொழி பயிலும் வழி

அயல்மொழி கற்கப் புகும் மாணவர், “எந்த முறை சிறந்தது?” என்று முதலில் வினவுகிறார். ஒருவர் இலக்கணம் என்கிறார். மற்றொருவர் பேச்சு என்கிறார். பல மொழிகளைத் தாமே முயன்று கற்ற இருவரின் வழிகளை நோக்குவோம்.

டிராய் நகரை அகழ்ந்தாய்ந்த ஹைன்ரிக் ஷ்லீமன், 1840-களில் ஆம்ஸ்டர்டாமில் வணிக நிலைய ஊழியராக இருந்தார். நாள்தோறும் உரக்கப் படித்தல், மொழிபெயர்ப்பை விலக்குதல், விரும்பிய பொருள் பற்றிக் கட்டுரை எழுதுதல், திருத்தியதை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பித்தல்: இதுவே தமது முறை என்று அவர் எழுதியுள்ளார். ரஷ்ய மொழிக்கு ஆசிரியர் கிட்டவில்லை. ஆகவே, அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத ஒருவருக்குக் கூலி கொடுத்து எதிரே அமர்த்தி ஒப்பித்தாராம்! இரைச்சல் தாங்காது அண்டை வீட்டார் முறையிட, இருமுறை வீடு மாறவும் நேர்ந்ததாம்.

ஹங்கேரி நாட்டு மொழிபெயர்ப்பாளர் காத்தோ லோம்ப் (1909–2003) அம்மையாரோ நாவல்களைத் துணைக்கொண்டார். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டாமல், மீண்டும் மீண்டும் வருவதை இடம் நோக்கி உணர்ந்துகொண்டார்.

வழிகள் வேறு, ஆயினும் இருவரும் தமக்குச் சுவையான பொருளை எடுத்துக்கொண்டனர், விடாது பயின்றனர். விடாமையின் பயனை எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட ஆய்வும் காட்டுகிறது. கற்றது தொடக்கத்திலேயே விரைந்து மறைகிறது; ஒரே மூச்சில் ஓதுவதைவிடப் பல நாட்களில் பகிர்ந்து ஓதுவதே நிலைக்கிறது.

‘நான் கண்ணால் கற்பவன், நீ காதால் கற்பவன்’ என்று பிரித்துக்கொள்வோர் உளர். 2008-இல் இக்கொள்கையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர், அதற்கேற்பக் கற்பித்தால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றனர். எனவே, எளிதாகத் தோன்றுவதே ஏற்றது என மயங்கலாகாது.

பின் எவ்வாறு தேர்வது? முதலில் நோக்கத்தைத் தெளிக. ஜெர்மன் அறிவியல் நூலைப் படிக்க விழைபவருக்கு வாசிப்பு முதன்மை. கடைத்தெருவில் பேச விழைபவருக்குச் செவியும் நாவும் முதன்மை. பிறகு ஒரு முறையை இரண்டு வாரம் கைக்கொள்க. ஒவ்வொரு நாளும் நூலை மூடிவைத்து, நேற்றுக் கற்றதைச் சொல்லியும் எழுதியும் பார்க்க. அடுத்த இரு வாரம் வேறொன்றை இவ்வாறே சோதிக்க. எதில் மிகுதியாக நினைவில் நிற்கிறதோ, எதை நாளையும் தொடர மனம் இசைகிறதோ, அதுவே உங்களுக்குரிய வழி.