பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கும்: "ரெண்டு வெடி பக்கத்துல வெடிச்சா எல்லாம் பழகிடும்." அப்படி நம்பி, நடுங்கும் நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவர்களும் உண்டு. கோயில் மணி பழகும், ரயில் சத்தம் பழகும். வெடிச் சத்தம் அந்த ரகம் இல்லை. ஏற்கெனவே மிரண்ட நாயை வெடிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பயம் இன்னும் ஆழமாகப் பதியவே வாய்ப்பு அதிகம். காரணம் அதன் காதில் தொடங்குகிறது.

நம் காதுக்கு எட்டுவது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாயின் காது ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். புதருக்குள் ஓடும் எலியின் கீச்சொலியைக் கேட்டுப் பிழைத்த வேட்டை விலங்கின் வாரிசு அது. காது மடலைத் திருப்பவே ஒரு டஜனுக்கு மேல் தசைகள் இருக்கின்றன. சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

பட்டாசில் அது தெரிவதே இல்லை. சட்டப்படி ஒரு வெடியின் சத்தம், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் வீதம் குறையும். இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் அந்தக் கணக்கு செல்லாது. ஒலி சுவருக்குச் சுவர் முட்டித் திரும்புகிறது. நாய் காதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறது, திசை பிடிபடவில்லை. உரத்த ஒலி கேட்டால் நடுக்காதின் சின்னத் தசைகள் இறுகி உட்காதைக் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆனால் அவை இறுகுவதற்குள் லட்சுமி வெடியின் உச்சம் உள்ளே போய்விடுகிறது.

அதன் பிறகு உடல் முழுக்க அலாரம்தான். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு இடி மழையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். எச்சிலில் கார்டிசால் என்ற ஹார்மோன் 207 சதவீதம் உயர்ந்தது. 40 நிமிடம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. நம் தெருவில் 40 நிமிட இடைவெளி யார் தருகிறார்கள்? ஒரு சரவெடி ஓய்வதற்குள் அடுத்த வீட்டில் இன்னொன்று.

நாய் ஊளையிட்டால்தான் பயம் என்று நினைக்க வேண்டாம். பல நாய்கள் சத்தமே போடுவதில்லை. அடிக்கடி உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியப் பார்க்கும். தரையைப் பாருங்கள். நாய்க்குப் பாதத் திண்டுகளில் வியர்க்கும். வெயில் இல்லாத நேரத்தில் டைல்ஸ் மேல் ஈரக் காலடிகள் தெரிந்தால் அது உள்ளுக்குள் பதைபதைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில் அதைத் தடவிக்கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். செல்லம் கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். பயம் நாய் வேண்டுமென்று செய்யும் சேட்டை அல்ல, பரிசு கொடுத்தால் கூடுவதற்கு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர், வாணவெடிக்குப் பயப்படும் நாய்களை வளர்ப்பவர்களிடம் எது பலன் தந்தது என்று கேட்டார். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உடனே பிடித்த தீனி கொடுத்தவர்கள், விளையாட்டுக் காட்டியவர்கள் ஆகியோரில் சுமார் 70 சதவீதம் பேர் பலன் தெரிந்ததாகச் சொன்னார்கள். மூலிகை, வாசனைத் தெளிப்பான் வகைகள் இதற்கு வெகு தூரம் பின்தங்கின. செலவில்லாத வைத்தியம்தான்: 'டமார்' என்றதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. வெடி முதலில், கோழி பிறகு. இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

ஒளிய விரும்பும் நாயை வெளியே இழுக்காதீர்கள். வீட்டின் நடு அறையில், பீரோ ஓரம் அல்லது கட்டிலடியில் அதன் பழைய துணியைப் போட்டு வையுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வை தொங்கட்டும், மின்விசிறி முழு வேகத்தில் ஓடட்டும். அறைக் கதவு திறந்திருக்கலாம், வாசல் கேட் மட்டும் பூட்டியிருக்க வேண்டும். சங்கிலியில் கட்டவே கூடாது. மிரண்டு சுற்றும் நாய் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என நேரம் வகுத்திருக்கிறார்கள். அதை எல்லோரும் மதிப்பதில்லை என்றாலும், நாயை நடத்திக்கொண்டு போக விடியுமுன், மாலை வெளிச்சத்தில் என இரண்டு பொழுது மிஞ்சுகிறது. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும்.

அளவுக்கு மீறிப் பயப்படும் நாய்க்கு மருந்து உண்டு. கால்நடை மருத்துவரைப் பண்டிகைக்கு முந்திய நாள் தேடாமல் சில வாரம் முன்பே பார்த்தால், ஒருமுறை கொடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். அசிப்ரோமசின் மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது பற்றி அவரிடம் கட்டாயம் கேளுங்கள். அது உடம்பை ஓய வைக்கும், பயத்தைக் குறைக்காது. அசையவும் முடியாமல் அத்தனை வெடியையும் கேட்டுக்கொண்டு கிடப்பது கொடுமை. இவ்வளவு நாள் பயப்படாத வயதான நாய் திடீரென்று மிரள ஆரம்பித்தால் மூட்டு வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கும் ஒலிப் பயத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

குட்டி வளர்ப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. பிறந்து மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை குட்டியின் மூளை புதியவற்றை எளிதில் ஏற்கும். போனில் வெடிச் சத்தத்தை மிகச் சன்னமாக வைத்து, கூடவே தீனி கொடுத்து, நாள்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். காதைச் சாய்த்தால் அந்த அளவிலேயே நிறுத்திவிட வேண்டும்.

பலகாரத் தட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். லட்டிலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, சாக்லேட்டும் நஞ்சு.

தெருநாய்க்கு நடு அறை இல்லை. மிரண்டு எல்லை தாண்டி ஓடினால் வேற்றுத் தெரு நாய்கள் கடிக்கும், வண்டியில் அடிபடும். அன்று ஒரு நாள் மாடிப்படியின் கீழ் இடம் விட்டு ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாலே பெரிய உதவி. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காக ஊரே பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊர் முழுக்க முடிந்ததை ஒரு தெரு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு செய்து பார்க்கலாம். வெடியை விட்டுக் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் என்று சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். வாலில் சரம் கட்டும் பிள்ளைகளைக் கண்டால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, அங்கேயே தடுக்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

மறுநாள் காலை நாயை வெளியே விடுமுன் வாசலைப் பெருக்குங்கள். வெடிக்காத மருந்திலும் குப்பையிலும் கந்தகமும் பொட்டாசியம், பேரியம் உப்புகளும் கிடக்கும். நாய் முகரும், நக்கும், சமயத்தில் தின்றும்விடும். ஓடிப்போன நாயைத் தேடுவதும் அந்த நேரத்தில்தான் எளிது. சத்தம் ஓய்ந்ததும் அது ஒளிந்த இடத்தைவிட்டுத் தலைகாட்டும். அக்கம்பக்கத்துக் கார்களைக் கிளப்புமுன் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.